மூச்சு விடும் இடம்

பாவம், இவள் இன்றைக்கும் மூச்சு விடாமல்தான் பாட வேண்டும்.

இசைத்தட்டு சுழல்வதைப் பார்த்துக்கொண்டே கெங்கம்மாள் நினைத்தாள். வெளியே சொல்லவில்லை. சொன்னாலும் யாருக்கும் கேட்டிருக்காது. பலா மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து இங்கிலீஷ் பாட்டு காவலூர் மலை முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது.

கல்யாண வீட்டு வாசலில் இருபது பெண்கள் கைகோத்துச் சுற்றினார்கள். வளையல் சத்தம். முழங்கால் வரை புழுதி. பாட்டுப் பெட்டியருகே நின்ற கெங்கம்மாளுக்கும் குதிகால் தரையில் நிற்கவில்லை.

ரேடியோ செட் அவள் புருஷன் சின்னதம்பியுடையது. இரண்டாவது குழாயைக் கட்டப் பந்தலுக்குப் பின்னால் போயிருந்தான். போகும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

"தட்ட மாத்து, ஊசிய வையி. வேற எதையும் தொடாத."

நட்சத்திரம் பார்க்கும் ஆபீசில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்த பெரிய தட்டுகள் நான்கு இருந்தன. நான்கின் உறை அட்டைகளிலும் பாடகிகளின் படம். மூன்று பேர் வெள்ளைக்காரிகள். ஒருத்தி மட்டும் மலைப் பெண்களைப் போலக் கறுப்பு. பச்சை உடுப்பு, மூடிய கண்கள். அவளுக்குச் சீமைக் கருப்பாயி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மூன்று வருஷமாக அவள் பாடாமல் இங்கே ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. பதினைந்து வயதுப் பெண் சரிவில் ஓடி இறங்கிக்கொண்டே பாடுவது போன்ற குரல். அதைக் கேட்டால் உட்கார்ந்திருப்பவளும் எழுந்துவிடுவாள்.

பாட்டு முடிந்தது. "இன்னொரு தபா," என்று வாசலிலிருந்து குரல்கள் வந்தன.

கெங்கம்மாள் ஊசியைத் தூக்கியபோது, நட்சத்திர ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் எஞ்சினியர் கிருஷ்ணன் பந்தியிலிருந்து ஏறக்குறைய ஓடி வந்தார். கையைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை. அட்டையை எடுத்துப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"இவங்களேதான். எங்க அப்பா இந்தத் தட்ட வச்சிருந்தார். அம்மா, நீங்க தப்பான வேகத்துல போடறீங்க. சினிமாத் தட்டுக்கு நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து சரி. இதுக்கு முப்பத்திமூணு."

சின்னதம்பியிடம் இருந்த மற்ற தட்டுகள் எல்லாம் சினிமாத் தட்டுகள். வேகக் குமிழை நாற்பத்தைந்தில் வைத்தவன் அதன் பிறகு அதைத் தொட்டதே இல்லை.

கிருஷ்ணனின் கை குமிழை நோக்கி நீண்டது.

அதற்குள் கெங்கம்மாள் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துவிட்டாள். இதை மட்டும் இவர் தொடக் கூடாது.

"இது சின்னப் பொண்ணு குரல் இல்லம்மா. நிதானமாப் பாடுற பெரிய மனுஷி. ஒரு தடவை சரியாப் போடுங்க. வரிக்கு வரி நான் அர்த்தம் சொல்றேன். எல்லாரும் கேக்கட்டும்."

"கெங்கம்மாளுக்கு இன்னா சார் தெரியும்," என்றாள் வாசலில் ஆடிக்கொண்டிருந்த வடிவு, மூச்சிரைப்போடு. "புருசன் தொடாதன்னா செத்தாலும் தொடாது. நீங்க போய் மிச்ச சோத்த சாப்டுங்க. நாங்க ஆடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கெங்கம்மாளும் சிரித்தாள்.

ஆனால் அர்த்தம் என்ற அந்தச் சொல் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டது. அவளுக்குக் கேட்க ஒன்று இருந்தது.

இந்தப் பாட்டில் ஓர் இடத்தில் கருப்பாயி நின்றுவிடுவாள். வாத்தியங்கள் அவளுக்காகக் காத்திருக்கும். அவள் மூச்சை உள்ளே இழுப்பது அப்படியே கேட்கும். யாரும் தன்னைக் கூப்பிடவில்லை, அடுப்பில் எதுவும் பொங்கவில்லை என்பதுபோல் இருந்துவிட்டு, பிறகுதான் அடுத்த சொல்லைத் தொடுவாள். அந்தச் சொல் என்ன?

நாற்பத்தைந்தில் அந்த இடமே கிடையாது. ஒரு விக்கல், அவ்வளவுதான்.

முதல் வருஷம் பெட்டியைத் துடைக்கும்போது துணி பட்டுக் குமிழ் நகர்ந்தது. அன்றைக்குத்தான் கருப்பாயியின் நிஜக் குரலைக் கேட்டாள்.

அதன் பிறகு, புதுத் தட்டு வாங்கச் சின்னதம்பி திருப்பத்தூருக்குப் போகும் ஒவ்வொரு மதியமும் கதவைச் சாத்தினாள். குழாய்க்குப் போகும் ஒயரைப் பிடுங்கினாள். குமிழை முப்பத்து மூன்றுக்குத் தள்ளினாள். குழாய் இல்லாவிட்டாலும் ஊசியிலிருந்தே கொசு அளவுக்குக் குரல் வரும். தட்டின் ஓரத்தில் காதை வைத்துக் கிடப்பாள். அந்த இடம் வரும்போது தானும் மூச்சை இழுத்து நிறுத்திக்கொள்வாள்.

இந்த மலையில் இன்னொருவருக்கும் அந்தக் குரல் தெரியும். அந்த நினைப்பே அவளைத் தரையிலிருந்து தூக்கியது. கேட்டுவிடலாம். இதோ, எதிரிலேயே நிற்கிறார்.

அவரிடம் கேட்டால் நிதானமான அந்தக் குரல் குழாயில் வரும். பந்தலுக்குப் பின்னால் இருக்கிறவனுக்கும் கேட்கும். வடிவு கொட்டாவி விடுவாள். அதற்கப்புறம் அது எல்லோருடைய பாட்டு.

"ஒரே ஒரு தடவைம்மா," என்றார் கிருஷ்ணன்.

முப்பத்து மூன்று என்ற எண்ணின் வெள்ளை வர்ணம், விரல் பட்டுப் பட்டு, பாதி அழிந்திருந்தது. அதன் மேலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. மற்ற கையால் ஊசியைத் தட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

"வேணாங்க சார்," என்றாள் மெதுவாக. "இப்பிடியே ஓடட்டும்."