நாத்தம் தாங்கல!

“வீட்டுக்குள்ளயே குப்பையை வெச்சுக்கிட்டு எப்படிப்பா சாப்பிடறே? கீழ எங்க வீடு வரைக்கும் நாத்தம் தாங்கல!”

வாசலில் நின்ற சர்வேயர் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கீழ் வீட்டில் மனைவியோடு இருக்கிறார்.

நாற்காலியில் இருந்த டிரைவர் பதில் சொல்லவில்லை.

ஐந்து மாதமாக அவர் யாருக்குமே பதில் சொல்வதில்லை. ஓட்டிப்போன பஸ் மரத்தில் மோதிவிட்டது. பயணிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் கால் எலும்புதான் இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப் பிரித்தாயிற்று, டாக்டர் நடக்கவும் சொல்லிவிட்டார். அவர்தான் எழுந்திருக்கவில்லை. தெருவில் இறங்கினால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்களே!

“சும்மா இருக்கற நேரத்துல இதையாவது பாருங்களேன்” என்று போன வாரம் ஓட்டை போட்ட வாளி ஒன்றைப் பால்கனியில் கொண்டுவந்து வைத்தாள் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்ப்பவள் வீட்டில் காய்கறித் தோலிலேயே உரம் தயாரிக்கிறாளாம்.

நாற்காலியை வாளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏனோதானோவென்று தோலையெல்லாம் உள்ளே தள்ளினார். ஒரே வாரத்தில் அது கறுத்துக் கூழாகி, வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது.

“தெரியாத வேலை எதுக்குப்பா? தெரிஞ்ச வேலையையே...” பாதியில் நிறுத்திவிட்டு சர்வேயர் இறங்கிப் போனார்.

சாயந்தரம் மனைவி வந்தபோது டிரைவர் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார்.

“என்னங்க, நிக்கறீங்க?”

“கீழ் வீட்டு ஆள் என்னதான் நினைச்சிட்டிருக்கார்? தெரிஞ்ச வேலையாம்! நான் இதை எடுக்க மாட்டேன். உன் சிநேகிதிக்குப் போன் போட்டுக் குடு.”

சிநேகிதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “சருகே போடலையா அண்ணா? ஈரம் ஒரு பங்குன்னா காய்ஞ்சது ரெண்டு பங்கு இருக்கணும். மூணு நாளைக்கு ஒரு தடவை நல்லாக் கிளறி விடுங்க. காத்து போகணும்.”

மறுநாளே ஆஸ்பத்திரி மரத்தடியிலிருந்து ஒரு மூட்டை சருகு வந்தது. டிரைவர் தோலைப் பொடிப்பொடியாக நறுக்கினார். முட்டை அட்டைகளைக் கிழித்துப் போட்டார். குனிந்து, நிமிர்ந்து, கிளறினார்.

சர்வேயர் விடுவதாக இல்லை. தினமும் பதினோரு மணிக்கு மூச்சு வாங்க மாடி ஏறி வந்துவிடுவார்.

“இன்னிக்கு நேத்தைவிட மோசம்!”

“சார், புழுவெல்லாம் போயாச்சு. வந்து மோந்து பாருங்க.”

“எதுக்கு? வாந்தி எடுக்கவா?”

“நாத்தம் உங்க வீட்டுச் சாக்கடையில இருந்து வருதோ என்னமோ!”

“என் வீட்டுச் சாக்கடையைப் பத்திப் பேச நீ யாருப்பா?”

வார்த்தை தடித்துக்கொண்டே போகும். ஒருநாள் பேச்சு அரை மணி நேரம் நீண்டது.

நாள் ஆக ஆக, பத்தரை மணிக்கே டிரைவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு காலையில் அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து மனைவிக்கு ஆச்சரியம்.

“எங்கயாவது போறீங்களா?”

“அந்த மனுஷன் வருவார்ல? தாடியும் மீசையுமா நின்னா நான் தோத்துட்டேன்னு நினைச்சுக்குவார்.”

“வயசானவர்ங்க, விட்டுடுங்களேன்.”

“வயசுக்கு மரியாதை குடுத்துதான் இதோட விட்டிருக்கேன்.”

மூன்று மாதம் ஓடியது. ஒருநாள் வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார். சூடு தணிந்து, தேயிலைத் தூள்போலக் கறுப்பாக உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனார். முதல் மழை பெய்த மண்ணின் வாசனை!

சலித்து ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டார். அன்று பதினோரு மணி வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி இறங்கிப் போய், கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“இப்போ சொல்லுங்க சார்! இதுல நாத்தம் அடிக்குதா?”

சர்வேயர் ஒரு சிட்டிகை எடுத்தார். கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தார்.

“ம்ஹும். இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது.”

டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது. “மனசாட்சி இருக்கா சார் உங்களுக்கு?”

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து சர்வேயரின் மனைவி வந்தார்.

“போயும் போயும் இவர்கிட்டயா தம்பி கேக்கறீங்க? அஞ்சு வருஷம் முன்னால ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுலேர்ந்து இவருக்கு எந்த வாசனையும் தெரியாது. பால் தீஞ்சு வீடே புகைஞ்சாலும் பேப்பர்தான் படிச்சிட்டிருப்பார்.”

சர்வேயர் மனைவியை முறைத்தார்.

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்போ தினமும் மாடி ஏறி வந்து... எதுக்கு சார்?”

சர்வேயர் தட்டிலிருந்த உரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“உன் வீட்டம்மா ஒருநாள் இங்க வந்து, நீ யார்கிட்டயும் பேசறதே இல்லன்னு அழுதுச்சு. அழறவங்களுக்கு ஆறுதல் சொல்லலாம். பேசாதவன்கிட்ட சண்டைதான்ப்பா போட முடியும்.”