ஐந்தாவது தாங்கு வளைவு

கோதிக் தேவாலயத்தின் வட்டச் சன்னலில் நுழைந்த மாலை வெயில், சிவப்பும் நீலமுமாகத் தரையில் விழுந்து, கொத்தனாரின் செருப்பில்லாத கால்களின்மேல் கிடக்கிறது. அவர் அண்ணாந்து பார்க்கிறார். இருபுறத் தூண்களிலிருந்தும் எழும் கூர்முனை வளைவுகள், கூப்பிய விரல்களைப் போல உச்சியில் சேர்கின்றன. சேர வேண்டிய இடத்தில் விரலகல விரிசல். விலா எலும்புகளாக ஓடும் கல்வரிசைகள் கூரையின் கனத்தைச் சுவருக்குக் கடத்துகின்றன. அந்தக் கனத்தில் வெளியே சாயப் பார்க்கும் சுவரை, வெளிப்புறத் தாங்கு வளைவுகள் எதிர்த்துத் தள்ளி நிறுத்துகின்றன. ஐந்தாவது வளைவு மட்டும் தள்ளுவதில்லை. அதன் கல்லிடுக்குகளில் இருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, உறுதியாக இருக்கட்டும் என்று கொத்தனார் சிமெண்ட் அடைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் விடாது. தேங்கிய ஈரத்தில் கல் மாவாகிவிட்டது.

பொறியாளரான மருமகள், வெளியே அந்த வளைவில் சாத்திய ஏணியிலிருந்து இறங்கி உள்ளே வருகிறாள்.

“இந்தச் சுவரு இன்னும் நிக்குதுன்னா, அது பழக்கதோஷம்தான் மாமா. இடிக்கச் சொல்லித்தான் அறிக்கை எழுதணும்.”

“சிமெண்ட் போட்டது யாருன்னும் எழுதணுமாம்மா?”

“சபையில கேட்டிருக்காங்க.”

“நான்தாம்மா போட்டேன்.”

அவள் கையில் ஒட்டிய கல்மாவைத் துடைக்கிறாள்.

“மேல ஏறினதுமே தெரிஞ்சுபோச்சு மாமா. இவ்வளவு நேரா, ஒரு பிசிறு இல்லாம வேற யாரு பூசுவாங்க?”

வீட்டுக்கு வந்த எட்டு ஆண்டுகளில் மருமகள் அவர் வேலையைப் புகழ்வது இதுவே முதல் முறை.

“ஆமாம்மா, பிசிறே இல்ல” என்கிறார் கொத்தனார்.