கரும்புலியின் சோகக் கதை

ஒரு மாவு மில்லில் கறுப்புப் பூனை ஒருவன் இருந்தான். ஊரே தன்னைக் கண்டு நடுங்க வேண்டும் என்று, தனக்குக் கரும்புலி என்று தானே பெயர் வைத்துக்கொண்டான். அன்று காலை சிங்காரி என்ற எலி அவன் பிடியில் மாட்டிக்கொண்டாள்.

"கடைசி ஆசை ஏதாவது உண்டா?" என்று குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே. பெரிய வில்லனுக்கெல்லாம் ஒரு சோகக் கதை இருக்குமாமே. உங்களோடதைக் கேட்டுட்டுச் சாகுறேன்."

கரும்புலி திகைத்துப்போனான். அவனுக்கு எந்தச் சோகமும் நடந்ததில்லை. ஆனால் சொல்லாவிட்டால் மானம் போய்விடுமே!

"கண்ணு திறக்காத வயசு. கொட்டுற மழை. என்னைப் பெத்தவ சாக்கடையோரம் போட்டுட்டுப் போயிட்டா..." சொல்லச் சொல்ல அவனே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தான். சிங்காரியும் விம்மினாள். "அப்புறம் என்னண்ணே ஆச்சு?"

"அதை நான் சொல்றேன்!" என்று மூட்டைகள் மேலிருந்து குதித்தாள் அவன் அம்மா. "ஏண்டா பட்டுக்குட்டி, நானாடா உன்னைப் போட்டுட்டுப் போனேன்? அந்த மழையில உன்னைக் கவ்விக்கிட்டு ஏழு வீடு மாறினேனேடா!"

"அம்மா! வேலை நேரத்துல வராதேன்னு சொல்லியிருக்கேன்ல!" என்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவ்வளவுதான், சிங்காரி ஒரே ஓட்டமாகப் பொந்துக்குள் புகுந்துவிட்டாள்.

அம்மா அதையெல்லாம் கவனிக்கவில்லை. மாவு படிந்த அவன் காதை நக்கித் துடைக்க ஆரம்பித்தாள். பொந்து வாசலில் எலிகள் கூடிநின்று வேடிக்கை பார்த்தன. மிரட்டி விரட்டலாம் என்று கரும்புலி வாயைத் திறந்தான். உறுமல் வரவில்லை. அம்மா நக்கிய சுகத்தில் 'குர்ர்ர்' என்றுதான் வந்தது.