திரையில் ஒரு தொடையெலும்பு

ஊர் மன்றத்து ஜன்னலில் பழைய சேலையைக் கட்டி மறைத்தும் மதிய வெயில் இடுக்கு வழியாக நுழைந்து லேப்டாப்பின் மேல் விழுகிறது. சென்னைக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் ஆராய்ச்சிக்காரன் அதைக் கையால் மறைத்தபடி, "இது உங்க எலும்புதாம்மா" என்கிறான். போன மாதம் ஸ்கேன் எடுத்த தன் தொடையெலும்பைப் பெரியநாயகி பார்க்கிறாள். மலிவு பெயிண்ட் அடித்த சதுர்த்திப் பிள்ளையாரின் தும்பிக்கை மாதிரி நீலமும் பச்சையுமாக இருக்கிறது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியைக் கூடை கூடையாகச் சுமக்கிறவள் அவள். பத்தொன்பது வருடமாகக் காண்ட்ராக்ட் கூலிதான்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தச் சுமையைத்தான் இவன் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறானாம். ஒரு பொத்தானைத் தட்டினால் ஒரு வருடம் போகிறது. சுமை விழும் இடத்தில் சிவப்பு படர்ந்து எலும்பு தடிக்கிறது. பத்தொன்பது தட்டில் அவளுடைய பத்தொன்பது வருடமும் முடிந்துவிடுகிறது. அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை, சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. "செமந்துகினே இருந்தா எலும்பு தடிக்கும்னு சொல்றதுக்கு இம்மாம் படிப்பா?" என்று அவள் உதட்டைச் சுழிக்கிறாள். அவன் திரையைப் பார்த்தே சிரிக்கிறான். "நீங்க வேலைய விட்டாலும் இந்தத் தடிப்பு முழுசா போகாதும்மா. பெர்மனென்ட்." அந்தச் சொல் காதில் விழுந்ததும், சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த அவளோடு கூடை சுமக்கும் ஆதிலட்சுமி திடுக்கிட்டு நிமிர்கிறாள். "யாருக்குக்கா பெர்மனென்ட் வந்துகீது?" பெரியநாயகி புடவையை உதறிக்கொண்டு எழுந்திருக்கிறாள். "எனக்கில்லடி. என் தொட எலும்புக்கு."