கிழிந்த பக்கம்

"கிழிச்சாரு சார்! டிப் புக்ல ஒரு பக்கத்தக் கிழிச்சாரு! அதுக்காக எங்கப்பா திருடனா? ...என்னது, மரியாதையாப் பேசணுமா? ஏழு மாசமா ஒரு மனுசன திருடன் திருடன்னு சொல்லுதீங்களே, அது எந்த ஊரு மரியாதை?"

டிராம்பே எண்ணெய்க் கிடங்கு. கண்ட்ரோல் ரூம்ல எல்லார் முன்னாலயும் போன்ல மேனேஜரோட மல்லுக்கு நின்னுட்டிருந்தா கோகிலவாணி. டிப்ளமோ கடைசி வருசம், ஒரு வருசமா அங்கேயே மீட்டர் வேலையில ட்ரெயினிங்.

அவ அப்பா வேல்ராஜ் அங்க டேங்க் உச்சியில ஏறி, டேப் விட்டு எண்ணெய் அளந்தவர். ஏழாம் டேங்க்ல பதினோரு மீட்டர்னு எழுதினாரு. எதிரொலி வச்சு அளக்குற ரேடார் மீட்டர் ஒன்பதரைன்னுச்சு. மிச்சத்த வித்துட்டான்னு பழி. தினம் அளவு எழுதுற டிப் புக்ல ஒரு பக்கம் வேற காணோம். ஏன்டா கிழிச்சேன்னு கேட்டா, மனுசன் வாயே திறக்கல. வேலை போச்சு.

இப்ப குஜராத்துல, காண்ட்லாவுல வாட்ச்மேன். வீட்டுக்கு வாங்கன்னா, "தாராவிக்கு எந்த மூஞ்சிய வச்சிட்டு வர?"ம்பாரு.

ட்யூட்டி முடிஞ்சு கேட்டுக்கு வெளிய வந்தா, கோகிலா இன்னமும் அப்பாவுக்கும் சேர்த்து ரெண்டு கட்டிங் சாய் சொல்லிருவா. அப்புறம் ஒண்ணு போதும்பா.

நேத்துதான் அந்த டேங்க் மறுபடி அந்த அளவுக்கு நிறைஞ்சுது. புது ஆளு டேப் விட்டாரு. பதினோரு மீட்டர். ரேடார்? அதே ஒன்பதரை.

"அப்ப இவரும் திருடனா சார்? லைன்லயே இருங்க!" ஸ்பீக்கர அமுக்கினா. "பாய், பாருங்க."

மெக்கானிக் சலாவுதீன் பாய் கம்ப்யூட்டர்ல மீட்டரத் திறந்தாரு.

"எதிரொலி பதினோரு மீட்டர்ல சரியாத்தான் வருது பிள்ள. ஆனா அதக் கண்டுக்காதன்னு மீட்டருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"அப்படின்னா?"

"டேங்குக்குள்ள ஏணி, கம்பில பட்டு வர்ற எதிரொலிய ஒதுக்கச் சொல்லுவோம்லா. அத டேங்க் காலியா இருக்கும்போது செய்யணும். இங்க எண்ணெய் நிறைஞ்சிருக்கும்போது செஞ்சு, எண்ணெயையே ஒதுக்கியாச்சு."

"எந்த ஃபால்துப் பய செஞ்ச வேலை பாய்? எல்லார் முன்னாலயும் நிறுத்தி நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கணும்! தேதி என்ன?"

"மார்ச் பதினாலு."

கோகிலா டிப் புக்கப் புரட்டினா. பதிமூணு. அடுத்தது பதினஞ்சு.

"அட, அந்தப் பக்கந்தான்! அது இருந்தா டேங்க் அன்னிக்கு நிறைஞ்சிருந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும்லா. அப்பா தப்பிச்சிருப்பாரே! செஞ்சவன் பேரச் சொல்லுங்க பாய்!"

பாய், பேரு தெரியுற மாதிரி ஸ்க்ரீன அவ பக்கம் திருப்பினாரு.

கோகிலா அந்தப் பேர ரெண்டு தடவ படிச்சா.

மொபைல எடுத்து, காண்ட்லாவுக்குப் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்துல வச்சா.

"எப்பா, கோகிலா. மேனேஜர் லைன்ல இருக்காரு, இங்க எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க. மீட்டரக் கெடுத்தது நாந்தான். அது தெரிஞ்சுதான அந்தப் பக்கத்தக் கிழிச்சீங்க? எல்லாருக்கும் கேக்குற மாதிரி பதில் சொல்லுங்கப்பா!"