இரண்டு படங்கள்

உரிமம் புதுப்பிக்க ஜாக்சன் நகர அலுவலகத்துக்கு வந்த, பள்ளிக் குழந்தைகளின் பேச்சுப் பயிற்சியாளர் மிஸஸ் பெக்வித்துக்கு நான்தான் தேர்வாளர்.

ஒரு வெள்ளைச் சிறுமியின் படத்தைக் காட்டி, ஒலிநாடாவைப் போட்டேன்.

"கிராமத்துப் பேச்சு, எவ்ளோ அழகு! இதுக்குப் பயிற்சி எதுக்கு?"

கறுப்புச் சிறுமியின் படத்தைக் காட்டி, அடுத்த நாடாவைப் போட்டேன்.

"ஐயையோ, பேச்சுக் கோளாறு! மூணு வருஷம் ஸ்பெஷல் வகுப்புல போடணும்."

"நல்லாக் கேட்டீங்களா, மேடம்?"

"நாப்பது வருஷமா கேக்கறேன், கண்ணு!"

அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"ரெண்டும் ஒரே பொண்ணோட குரல், மேடம். ஒரு நாடாவை ரெண்டா வெட்டினேன்."

அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு அது?"

"ரெண்டாவது படத்துல இருக்கறவ. நான்தான். ஏழு வயசுல நீங்களே பதிவு பண்ணீங்க. அன்னைக்கும் மூணு வருஷம்னுதான் எழுதினீங்க."

"அப்ப என் உரிமம்?"

"மூணு வருஷம் வகுப்புல உக்காந்துட்டு வா, கண்ணு."