கல்யாணத்தில் சாவு மேளம்

திண்டிவனம் பேண்டு செட்டு சவுரிராயன், தான் கட்டிய புது கிளாரினெட் மெட்டுக்கு அடியில் சாவு மேளத்து அடியைக் கலந்திருந்தார். வளவனூர் மாப்பிள்ளை அழைப்பில் இளவட்டங்கள் துள்ளித் துள்ளி ஆடினார்கள். டிரம் அடித்த பூமாலைதான் பயந்துபோய் சவுரிராயன் பக்கம் சாய்ந்தான்.

"வேணாண்ணே. கண்டுபுடிச்சா தோல உரிச்சிடுவாங்க."

"எவனுக்குத் தெரியப்போவுது? அடி."

பெண்ணைப் பெற்ற பச்சைமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. பூமாலையின் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"இது சாவு மேளந்தான?"

பூமாலை டிரம் குச்சியைத் தாழ்த்தினான். "தப்புதாங்க... மன்னிச்சிடுங்க."

பச்சைமுத்து காதோரம் குனிந்தார்.

"ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப நான் பர்மாவுல மாட்டிக்கினேன். இங்க எங்கப்பாவ எடுத்தப்ப அடிச்ச மேளம் என் காதுல விழல. யாருக்கும் சொல்லாத. பந்தல் வரைக்கும் இதையே அடி."